சொந்த வீட்டு விருந்தாளி

லிஃப்ட் மெக்கானிக் நாற்பத்தாறு வயதில் மாலைக் கல்லூரியில் சமூகவியல் படிக்கச் சேர்ந்தார். மனிதர்கள் ஏன் இப்படி இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. இருபது வருடமாக அவர்களை ஏற்றி இறக்கியும் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

குடும்பத்தைப் பற்றிய முதல் கட்டுரையில், ‘எல்லோரும் நல்லவர்கள்’ என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தார்.

“இது கட்டுரை இல்லீங்க, நன்னடத்தைச் சான்றிதழ்,” என்றார் பேராசிரியை. “உங்க வீட்டையே ஒரு வாரம் அந்நியனாப் பார்த்து எழுதிட்டு வாங்க. இல்லேன்னா ஃபெயில்தான்.”

வேறு யாராக இருந்தாலும் ஒரு மூலையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருப்பார்கள். ஆனால் லிஃப்ட் வேலையில் தாளில் இருப்பதை அச்சுப் பிசகாமல் செய்யாவிட்டால் ஆள் கீழே போய்விடும். ஆகவே திங்கட்கிழமை மாலை, சட்டைப்பையில் சாவி குத்திக்கொண்டிருக்க, சொந்த வீட்டு அழைப்பு மணியை அழுத்திவிட்டு நின்றார்.

மனைவி கதவைத் திறந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஊசியைக் கண்டு யார் மயங்குவார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

“வணக்கங்க. நான் ஊருக்குப் புதுசு. படிப்பு விஷயமா உங்க வீட்டை ஒரு வாரம் பார்க்கணும்.”

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். “உள்ள வாங்கண்ணா.”

அவருக்குப் புரையேறியது. டீ இன்னும் வரவே இல்லை.

“அண்ணா வேண்டாமே...”

“அறிமுகமில்லாத ஆம்பளைய வேற எப்படிக் கூப்பிடுறது?”

டீ வந்தது, கண்ணாடி அலமாரியிலிருந்து இறங்கிய பூப்போட்ட கோப்பையில். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் அந்தக் கோப்பை அவர் உதட்டில் பட்டதில்லை. மகள் எழுந்து, “உக்காருங்க அங்கிள்,” என்று நாற்காலியை விட்டுக்கொடுத்தாள். டிவி சத்தத்தைக்கூடக் குறைத்தாள். அந்நியனாக இருப்பதில் இவ்வளவு சுகமா என்று நோட்டில் குறித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை, “உங்க வீட்டுக்காரர் எப்படிங்க?” என்று கேட்டார்.

“தங்கமானவர். பேசினா தலையாட்டுவார். மனசு எந்த மாடியில நிக்குதுன்னு மட்டும் தெரியாது.” அவர் கோப்பையில் டீயை ஊற்றினாள். “அண்ணா, ஒரு யோசனை சொல்லுங்க. புதுக் கிளைக்கு என்னை மேனேஜராப் போடுறாங்க. விடியறதுக்கு முன்னாடி கிளம்பணும். நாளைக்குள்ள கையெழுத்துப் போடணும். சமையல் அவர் தலைல விழுமே, வேண்டாம்னு எழுதிடலாமான்னு பாக்குறேன்.”

“அவர்கிட்ட சொன்னீங்களா?”

“மூணு தடவை. மூணு தடவையும் ‘ம்’னார்.”

அந்த மூன்று ‘ம்’களில் ஒன்றுகூட அவருக்கு ஞாபகம் இல்லை. வாயைத் திறந்தால் கட்டுரை போச்சு. திறக்காவிட்டால் அவள் ஆசை போச்சு. நோட்டை மூடினார்.

“நான் சமைச்சுக்கிறேன். நீ போ.”

“ம்,” என்றாள் அவள். பூப்போட்ட கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவர் எழுந்து, செருப்பை மாட்டி, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய் மணியை அழுத்தினார்.

“வாங்கண்ணா.”

“வழியில உங்க வீட்டுக்காரரைப் பார்த்தேங்க. சமைக்கக் கத்துக்கறாராம். உங்களைத் தைரியமாக் கையெழுத்துப் போடச் சொன்னார்.”

“அவரே சொன்னாரா?”

“என் காதால கேட்டேன்.”

அவர் பேனாவையே வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். தலையை நிமிர்த்தாமல், “அவர் போன்ல நாலரைக்கு அலாரம் வச்சிடச் சொல்லுங்கண்ணா,” என்றாள்.

அந்நியர் தன் பையிலிருந்து போனை எடுத்தார்.