எட்டாம் நாள் கதவு

பயணிகளோடு பயணியாகத்தான் என் தம்பி ஜுரெந்தி கப்பலிலிருந்து இறங்கி வந்தான். பூப்போட்ட சட்டையும் அரைக்கால் டவுசருமாக வந்த கூட்டத்துக்கு நடுவே அவன் மட்டும் கறுப்பு பேண்ட் போட்டிருந்ததால் தூரத்திலேயே தெரிந்துவிட்டான். நான் என் டாக்சியில் சாய்ந்து நின்றிருந்தேன். என் முறைக்கு வந்த சவாரிகளைப் பின்னால் நின்ற டிரைவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன். மிரெல்வா இன்று ராஜகுமாரனுக்காகக் காத்திருக்கிறாள் என்று அவர்கள் கேலி செய்துகொண்டிருந்தார்கள். அம்மா இறந்துபோனது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். கேலியை நிறுத்தினால் நான் அழுதுவிடுவேன் என்பதும் தெரியும். தம்பியின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. பிறகு அவன் தோளில் தொங்கிய பையைப் பார்த்தேன். பகல் பொழுதுக்கு மட்டும் கரையிறங்கும் கப்பல்காரன் கைபேசியும் அடையாள அட்டையும் தவிர எதையும் எடுத்து வரமாட்டான். இவனோ தன் துணிமணி அத்தனையையும் அதற்குள் திணித்துக்கொண்டு வந்திருந்தான்.

வண்டி கிளம்பி எங்கள் வீடு இருக்கும் ஒட்ரொபாண்டா மேட்டில் ஏறியது. கண்ணாடிக்கு வெளியே வெள்ளைக்காரர்கள் மஞ்சள் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கீழே கால்வாயில் மிதவைப் பாலத்தின் மணி அடித்தது. கப்பலுக்கு வழிவிடப் பாலம் விலகப்போகிறது என்று நாலு பேர் அதன்மேல் ஓடினார்கள். எங்கள் ஊரில் கப்பல் நிற்கிற எந்த நாளும் இப்படித்தான். அம்மாவைப் புதைத்த நாளிலும் ஒரு கப்பல் நின்றது.

"பை எதுக்குடா?"

"நான் திரும்பப் போகல அக்கா. ராத்திரி ஜன்னல் தொறக்கும்போது நான் வீட்ல இருக்கணும்."

எங்கள் வழக்கத்தில் சாவு விழுந்த வீட்டில் எட்டு நாள் சாயங்காலம் ஜெபம் நடக்கும். அதுவரை இறந்தவர் வீட்டை விட்டுப் போவதில்லை. எட்டாம் நாள் இருட்டிய பிறகு பீடத்தைக் கலைத்து, நாற்காலிகளைக் கவிழ்த்து, கதவு ஜன்னல்களை எல்லாம் திறந்து அவரை அனுப்பிவைப்போம். அன்று எட்டாம் நாள். கப்பலோ நாலு மணிக்கே கிளம்பிவிடும். கப்பலைத் தவறவிட்டால் அந்தக் கம்பெனி அவனை மறுபடி சேர்க்காது. பாத்திரம் கழுவப் போனவன் இப்போது கப்பலின் காலை உணவுச் சமையலறைக்கே தலைவன். இன்னும் தன் இரண்டு மகள்களைப் படிக்க வைத்தாக வேண்டும். இதையெல்லாம் நான் சொன்னேன், சொல்லாமல் எப்படி இருப்பேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான். அம்மாவைப் புதைக்கும்போது கப்பலில் மீன் வறுத்துக்கொண்டிருந்தேன், அவள் போகும்போதும் வறுத்துக்கொண்டிருக்க மாட்டேன் என்றான். ஆனால் அதற்காக வழிவிடுகிற ஆள் நானில்லை.

வீட்டில் ஷோன் லுசினா வெள்ளைத் துணி விரித்த பீடத்துக்கு முன்னால் உட்கார்ந்து மெழுகுவத்தித் திரியைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவில் யார் இறந்தாலும் ஜெபம் சொல்ல அவள்தான் வருவாள், அந்த மரியாதைக்குத்தான் அவளை ஷோன் என்று கூப்பிடுவோம். பாதிரியாரே அவளிடம் யோசித்துத்தான் பேசுவார். நான் நேராக விஷயத்துக்கு வந்தேன். இன்றைய ஜெபத்தை மத்தியானமே முடித்துவிடலாம், இவன் இருந்து அனுப்பிவிட்டுக் கப்பலுக்குப் போகட்டும் என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"டாக்சியாடி இது? நீ கூப்பிட்ட நேரத்துக்கு ஏறிப் போறதுக்கு? ஆத்மா ராத்திரிலதான் கிளம்பும். எங்க பாட்டன் காலத்துலேர்ந்து அப்படித்தான்."

ஜுரெந்தி சமையலறையில் என் பெரியம்மா போட்டுக்கொடுத்த ஆட்டுக்கறிக் குழம்பையும் சோளக்களியையும் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். ஷோன் சொன்னதைக் கேட்டதும் அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. முடிவை வேறு யாராவது எடுத்துவிட்டால் போதும் என்கிற நிம்மதி. அதைப் பார்த்ததும்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. அம்மா முப்பது வருஷமாகக் கோட்டைச் சுவரோரம் பஸ்தெச்சி என்னும் கறி அடைத்த சோமாசி சுட்டு விற்றவள். கப்பல் வராத நாளில் மத்தியானம் வரை தூங்குவாள். கப்பல் இருக்கிற நாளில் விடியுமுன் மாவு பிசைவாள். எங்களுக்குச் சாப்பாடும் தூக்கமும் பிறந்தநாளும்கூட கப்பல் அட்டவணைப்படிதான்.

"ஷோன், எங்கம்மாவுக்கு ராத்திரி பகல்னு என்ன இருந்துச்சு? கப்பல் வந்தா காலை, கப்பல் போனா ராத்திரி. அவ்ளோதானே? இன்னிக்கு அவளுக்கு நாலு மணிக்கே ராத்திரி."

ஷோன் லுசினா காப்பி கேட்டாள். அதில் கொஞ்சம் ரம் ஊற்றச் சொன்னாள். குடித்து முடிக்கும்வரை பீடத்தில் இருந்த அம்மாவின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், ஒரே ஆளைக் காதலித்து இருவருமே ஏமாந்தவர்கள் என்று அம்மா ஒருமுறை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். ஷோன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, வீட்டை இருட்டாக்கு என்றாள்.

அதன்பிறகு எனக்கு நிற்க நேரமில்லை. ஃபோன் போட்டுச் சொந்தக்காரர்களை வரவழைத்தேன். வேலையிலிருந்து அப்படியே ஓடிவந்தவர்களும் இருந்தார்கள். வங்கியில் வேலை பார்க்கும் என் அத்தை மகள் கழுத்தில் தொங்கும் அலுவலக அட்டையோடு வந்து முழங்காலிட்டாள். ஜன்னல்களைச் சாத்தி, போர்வைகளைத் தொங்கவிட்டோம். உச்சி வெயிலில் அந்த வீடு அடுப்பாகக் கொதித்தது. மெழுகுவத்திகள் வளைந்தன. வியர்வை கண்ணில் இறங்க ஜெபம் சொன்னோம், பாடினோம். ஜுரெந்தி எனக்குப் பக்கத்தில் இருந்தான். முதல் முறையாகத் தேம்பித் தேம்பி அழுதான். அழட்டும் என்று விட்டுவிட்டேன், அதற்குத்தானே வந்திருக்கிறான். நான் அழவில்லை. எனக்கு மணி பார்க்கிற வேலை இருந்தது.

ஷோன் பீடத்தைக் கலைத்தாள். அதில் அம்மாவுக்கு வைத்திருந்த தண்ணீர் டம்ளரைக் கவிழ்த்தாள். நாற்காலிகளை ஒவ்வொன்றாகக் குப்புறப் போட்டோம், போகிறவள் மறுபடி உட்கார்ந்துவிடக் கூடாது. பின்கட்டு ஜன்னல், சமையலறை ஜன்னல், படுக்கையறை ஜன்னல் என்று திறந்துகொண்டே வந்தோம். தெருக்கதவு கடைசி. அது மகனுக்கு என்று ஷோன் கையைக் காட்டினாள். எல்லோரும் சுவரோரம் ஒதுங்கினோம். அனுப்புகிற நேரத்தில் வழியில் யாரும் நிற்கக் கூடாது.

ஜுரெந்தி தாழ்ப்பாளில் கை வைத்தான். வைத்த கையை எடுக்கவுமில்லை, தாழ்ப்பாளை இழுக்கவுமில்லை.

"தொறந்தா போயிடுவா அக்கா."

"தொறக்கலன்னா நின்னுட்டே இருப்பா. நாள் முழுக்க நின்ன பொம்பளடா அவ. இன்னும் நிக்க வைக்கப் போறியா?"

அவன் தாழ்ப்பாளை இழுத்தான். வெயில் ஒரேயடியாக உள்ளே விழுந்தது. அந்த வெயிலுக்கு நடுவே, எங்கள் வாசற்படியை ஒட்டி, வயதான வெள்ளைக்காரத் தம்பதி நின்றுகொண்டிருந்தார்கள். கழுத்தில் ஜுரெந்தியின் கப்பல் அட்டை. எங்கள் நீலக் கதவைத்தான் படம் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். கதவு திறந்ததும் அந்தம்மா ஆசையாக உள்ளே எட்டிப் பார்த்தாள். வாசலை முழுசாக அடைத்துக்கொண்டு நின்றாள்.

ஷோன் லுசினா சிலுவை போட்டுக்கொண்டாள். என் பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். இப்படி நடந்தால் என்ன செய்வது என்று எந்தப் பெரியவரும் சொல்லி வைக்கவில்லை. நான் ஓடிப்போய் அவர்களைத் தள்ளலாம் என்றால், நானே குறுக்கே போக வேண்டும்.

ஜுரெந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டான். முதுகை நிமிர்த்தினான். நான் இதுவரை கேட்டிராத ஒரு குரலில், காலை உணவு மேசையருகே நின்று பேசுகிற ஆங்கிலத்தில், ஒரு புன்னகையோடு பேசினான்.

"மன்னிக்கணும் மேடம், சார். தயவுசெஞ்சு கொஞ்சம் ஓரமா நிக்கறீங்களா? ஒரு அம்மா வெளியே வர்றாங்க."

அந்தக் குரலைக் கேட்டதும், அவனைக் கப்பலுக்குக் கொண்டுபோய் விட, என் கை தானாகக் கார் சாவியைத் தேடியது. அவர்கள் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஓர் எட்டு நகர்ந்தார்கள்.

"இன்னும் கொஞ்சம் சார்," என்றான் என் தம்பி. "எங்கம்மா கொஞ்சம் பெரிய உடம்பு."

பெரியவர் மனைவியின் தோளைப் பிடித்து எதிர்ச்சுவர் வரை பின்வாங்கினார். தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு, யாருமில்லாத எங்கள் வாசலைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தபடி, எங்கள் அம்மா கடந்து போவதற்காகக் காத்து நின்றார்.