திங்கட்கிழமை அடுக்கு

இன்ஸாப் கோபித்துக்கொண்டு அட்டாளைச்சேனைக்கு, தன் உம்மா வீட்டுக்குப் போய் நாலு நாள். கல்முனைப் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டில் வந்து குடியேறுவான். அப்படி வந்த மனுசனைப் பார்த்து, "இது என்ட வீடு" என்று ஆதிலா வாயை விட்டுவிட்டாள். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பான்.

இருவரும் ஒரே கொழும்புக் கொம்பனிக்கு வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள். மென்பொருளையும் அது ஓடத் தேவையான சகலத்தையும் சேர்த்து ஓர் இமேஜாகக் கட்டி அனுப்புவது ஆதிலா. இறக்கிச் சரிபார்ப்பது இன்ஸாப். சண்டையிலும் அந்த வேலை மட்டும் விறைப்பாக நடந்தது.

இமேஜ் அடுக்கடுக்காகச் சேர்வது. முறைப்படி அடியிலிருந்து கட்டவேண்டும். ஆதிலாவுக்கு அந்தப் பொறுமை ஏது? நேற்றைய இமேஜின் மேலேயே இன்றைய கோப்புகளை ஓர் அடுக்காக அள்ளிப் போடுவாள். புது அடுக்கு மட்டும் ஏறினால் போதும், வேலை லேசு.

அவளுடைய போனைத் தங்கச்சி ஸப்னா நோண்டுவாள். அதனால் இன்ஸாபுக்கு அனுப்ப மனம் வராத கடிதத்தை வேலைக் கோப்புகளோடு எழுதி வைத்தாள். திங்கட்கிழமை எழுதியது முழுக்கக் கோபம். செவ்வாய்க்கிழமை திருத்தி எழுதியது முழுக்க அழுகை. இரண்டும் அன்றன்றைய கோப்புகளோடு இமேஜில் ஏறிப் போயின. புதன்கிழமை ரோசம் வந்து, இமேஜிலிருந்தே அதை அழித்து அனுப்பினாள்.

வியாழன் காலை தேநீர் குடிக்கும்போதுதான் உறைத்தது. மேலடுக்கில் அழித்தால் கண்ணுக்கு மறையும், அவ்வளவுதான். கீழடுக்குகளில் எல்லாம் அப்படியே கிடக்கும். திங்கட்கிழமைக் கடிதத்தை வாசித்தால் அவன் இனி வரவே மாட்டான்.

கேற்றடியில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

"இமேஜ் ஏன் இவ்வளவு பாரமெண்டு கிளறிப் பாத்தன்," என்றான் இன்ஸாப், உள்ளே வராமல்.

"நான் அழிச்சிட்டனே..."

"மேலதானே அழிச்சிரிக்கிறாய், புள்ள."

"திங்கக்கிழமை எழுதினதயும் வாசிச்சீங்களா?"

"ஓம். ராவு சோறு இறங்கல்ல. பொறகுதான் செவ்வாய்க்கிழமை எழுதினதக் கண்டன். உடன வெளிக்கிட்டு வந்திட்டன்."

ஆதிலா கேற்றைத் திறந்தாள். கண்ணீரைத் துடைக்கவும் தோன்றவில்லை.

"கெதியா வாங்க. கொம்பனிக்காரங்க பாக்க முதல் எல்லாத்தயும் அடியில இருந்து புதுசாக் கட்டணும்."

"கட்டுவம். ஆனா பழைய இமேஜ நான் அழிக்கமாட்டன். என்னட்ட இரிக்கட்டும்."

"திங்கக்கிழமையயாவது கழட்டி எடுங்களன்."

"அதக் கழட்டினா செவ்வாய்க்கிழமை எதுக்கு மேல நிக்கும்?" என்றபடி அவன் மோட்டார் சைக்கிளை உள்ளே உருட்டினான்.