புதர் நிழலில் நாற்பத்து மூன்று கன்றுகள்

கமிட்டி வருகிறது என்றால் பெரிய பெரிய அலுவலகங்களே வாசலில் பூந்தொட்டி வாங்கி வைக்கும். நிருபமா மட்டும் விதிவிலக்கா? மல்லேஸ்வரம் வீட்டிலிருந்தபடியே காவலாளி ராஜேந்திரனுக்குப் போன் செய்து, "திங்கக்கிழமை கமிட்டி வருது. இடத்தக் கொஞ்சம் நீட்டா வெச்சிடுங்க" என்றாள். கன்றுகளின் பெயர் அட்டைகளைத் துடைத்து வைக்கவேண்டும் என்பதுதான் அவள் மனதில் இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

இடம் என்பது ஹெப்பகோடிக்கு அப்பால், வறண்ட காட்டோரத்தில் ஒரு சரிவு. அந்த மண்ணில் பைன் பிழைக்குமா என்பதுதான் நான்கு வருடமாக அவளுடைய ஆராய்ச்சி. அறுநூறு கன்றுகள் நட்டாள். வெட்டவெளியில் நட்டவையெல்லாம் முதல் கோடையிலேயே போய்ச் சேர்ந்தன. விராலிப் புதர்களின் அடியில் நட்டவற்றில் நாற்பத்து மூன்று மட்டும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றன. புதர் வெயிலை மறைத்தது, மண்ணின் ஈரம் காயாமல் தங்கியது, அவ்வளவுதான் சூட்சுமம். அந்த நாற்பத்து மூன்றையும் கமிட்டி உயிரோடு பார்த்தால்தான் ஆராய்ச்சி தொடரும்.

சனிக்கிழமை போய்ப் பார்த்தாள். ஒரு புதர்கூட இல்லை. சாண் உயரப் பைன் கன்றுகள் சித்திரை வெயிலில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றன.

"இருக்கற தண்ணியெல்லாம் இந்தப் புதரே குடிச்சிடுது மேடம். இனிமே புள்ளைங்க நல்லா வளரும்" என்றார் ராஜேந்திரன். அரிவாள் பிடித்த உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

அவளுக்கு வந்த கோபம் தன்மேல்தான். நிழலும் ஈரமும் பற்றி மூன்று நாடுகளில் பேசியவள், தினமும் அங்கேயே கிடக்கிற மனிதரிடம் பத்து வார்த்தை பேசியதில்லை.

பச்சை வலை வாங்கிக் கட்டினாள். காற்று இரண்டே நாளில் கிழித்துப் போட்டது. கமிட்டியோ பத்து நாள் தள்ளிப்போனது. ராஜேந்திரன் குடம் குடமாகச் சுமந்து ஊற்றியதெல்லாம் மதியத்துக்குள் காய்ந்தது. ஊசியிலைகள் நுனியிலிருந்து சிவந்தன. கமிட்டி வந்த அன்று ஒன்றுகூட மிச்சமில்லை. நான்கு வருடமாக அவள் நிரூபிக்கப் பாடுபட்டதை ராஜேந்திரன் இரண்டே வாரத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்திருந்தார்.

கமிட்டித் தலைவர் சேஷகிரி நல்ல மனிதர். புதர்களின் அடிக்கட்டைகள் உயிரோடு இருப்பதைக் குனிந்து பார்த்தார். மழைக்கு அவை துளிர்க்கும், அந்த நிழலில் புதுக்கன்று நடுங்கள், ஒரு வருடம் தருகிறோம், அதற்குமேல் கேட்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கார் கிளம்பியதும் ராஜேந்திரன் தயங்கித் தயங்கி வந்தார். "நான் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டனா மேடம்?"

அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "இல்ல. இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி" என்றாள். ஒரு மனிதரை நோகடிக்காமல் விட்டோமே என்று, திரும்பும் வழியில் மெட்ரோவில் தன்னைத்தானே மெச்சிக்கொள்ளவும் செய்தாள்.

ஜூனில் நல்ல மழை. புதுக்கன்றுத் தட்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது ராஜேந்திரனிடமிருந்து போன் வந்தது. குரலில் அப்படியொரு உற்சாகம்.

"புதரெல்லாம் மறுபடி துளுத்துக்கிச்சு மேடம். இந்த வாட்டி விடுவனா? எல்லாத்தையும் வேரோட தோண்டி எடுத்துட்டேன். நீங்க கன்னு எடுத்துட்டு வாங்க."

சரி என்றாள் நிருபமா. பிறகு, ஏற்றிய தட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தாள்.