கல்லுமலைத் தோட்டத்துக்குச் சிவப்பு

1997ஆம் ஆண்டில் ஹசீனா பேகம் மலேசியாவின் சிரம்பானில் ஒரு தோட்டக் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தாள். கம்பெனிக்கு நெகிரி செம்பிலான் முழுவதும் பதினொரு தோட்டங்கள். எத்தனை பேருக்குக் காய்ச்சல் கண்டது என்று ஒவ்வொரு தோட்டத்து மருந்தகத்திலிருந்தும் மாதாமாதம் ஒரு படிவம் வரும். ஹசீனா அவற்றைச் சேர்த்து ஓர் அறிக்கை அடிப்பாள். அதை யாரும் படிப்பதில்லை.

மார்ச் மாதம் புது மென்பொருள் ஒன்று வந்தது. எண்களைக் கொடுத்தால் அதுவே வரைபடத்துக்கு வண்ணம் பூசியது. எண் ஏற ஏறச் சிவப்பு அடர்ந்தது, குறையக் குறைய வெளிறியது, ஒன்றுமே இல்லாத இடம் வெள்ளையாக நின்றது. ஹசீனாவுக்கு ஒரே சந்தோஷம். பதினொரு தோட்டங்களையும் வண்ணத்தில் அச்சடித்து, ஒவ்வொரு தோட்டத்து ஆபீஸ் பலகையிலும் ஒட்டச் சொல்லி அனுப்பினாள். மேலதிகாரி விசுவநாதன், "இப்பத்தான்மா எனக்கே புரியுது" என்று பாராட்டினார்.

பத்து நாள் கழித்து, போர்டிக்சன் பஸ்ஸில் வந்து இறங்கிய ஒரு பெண்மணி அலுவலகத்துக்குள் விறுவிறுவென்று நுழைந்தார். கையில் அந்த வரைபடம், பலகையிலிருந்து பிய்த்த வேகத்தில் மூலை கிழிந்திருந்தது.

"யாரு இதுக்குச் சாயம் பூசுனது?"

"நான்தான்கா. உக்காருங்க" என்றாள் ஹசீனா.

"உக்காரதுக்கு வரல. நான் ராக்கம்மா, கல்லுமலைத் தோட்டம். எங்க தோட்டத்துக்கு மட்டும் எதுக்கு ரத்தச் செவப்பு?"

ஹசீனா வரைபடத்தைப் பார்த்தாள். "போன மாசம் அங்க முப்பத்தாறு பேருக்குக் காய்ச்சல்கா. அதான் ஆகக் கூட."

"இதனால என் மக கல்யாணம் நின்னு போச்சு, தெரியுமா?" ராக்கம்மா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

மகள் குமுதவல்லி செனவாங்கில் ஃபேக்டரி வேலை பார்த்தாள். கெமாஸ் பக்கம் பெரியாத்துத் தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் முருகையாவின் மகனுக்கு அவளைப் பேசியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக இருந்தது. அதற்குள் முருகையா தங்கள் ஆபீஸ் பலகையில் படத்தைப் பார்த்துவிட்டார். 'ஒங்க பக்கம் டிங்கி காய்ச்சல் பரவுதாம், இப்ப வர முடியாது லா' என்று போன் செய்து சொல்லிவிட்டார். போதாக்குறைக்கு, கம்பெனியின் புகை மருந்து லாரி ஒரே வாரத்தில் இரண்டு முறை கல்லுமலைக்கு வந்து, காயப்போட்ட துணியெல்லாம் நாறடித்துவிட்டுப் போயிருந்தது.

"அவங்க பெரியாத்து மட்டும் பாலு மாதிரி வெள்ளையா இருக்கு. அங்க கொசுவே கெடயாதா?" என்றார் ராக்கம்மா.

"ஒருத்தருக்கும் காய்ச்சல் இல்லபோல."

"யாரு சொன்னா? அங்க மருந்தகத்துல டிரெசரே இல்லயே! பழையவரு பென்ஷன்ல போயி நாலு மாசமாச்சு. மருந்து வேணும்னா கெமாஸ் டவுனுக்குத்தான் போவணும்னு முருகையாவே சொன்னாரு."

ஹசீனா படிவக் கோப்பை எடுத்துப் புரட்டினாள். பெரியாத்திலிருந்து இந்த ஆண்டு ஒரு படிவம்கூட வரவில்லை. இன்னும் இரண்டு தோட்டங்களும் அப்படித்தான். வெறும் கட்டத்தை மென்பொருள் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு வெள்ளை பூசியிருந்தது.

"அக்கா, கல்லுமலையில மொத்தம் எத்தன பேரு இருப்பீங்க?"

"மூணு டிவிஷன் லா. ஆயிரத்து எரநூறுக்குக் கொறையாது."

நூற்றுக்கு மூன்று பேர். ராசா என்ற ஊருக்கு அப்பால் இருந்த சின்னத் தோட்டத்தில் நூற்றைம்பது பேரில் பதினைந்து பேருக்குக் காய்ச்சல் கண்டிருந்தது. நூற்றுக்குப் பத்து. அந்தத் தோட்டம் வரைபடத்தில் ரோஜா நிறத்தில் சாதுவாக இருந்தது.

"தப்பு என்னுதுக்கா" என்றாள் ஹசீனா. "தலைய எண்ணாம காய்ச்சல மட்டும் எண்ணிட்டேன்."

அவள் ஒவ்வொரு தோட்டத்து எண்ணையும் அங்குள்ள ஆள்தொகையால் வகுத்தாள். படிவம் வராத மூன்று தோட்டங்களுக்கும் சாம்பல் நிறம் கொடுத்தாள். கீழே, 'சாம்பல்: தகவல் வரவில்லை' என்று எழுதினாள். அச்சுப்பொறி தாளை மெதுவாகத் தள்ளியது. ராக்கம்மா எழுந்து வந்து பக்கத்தில் நின்று பார்த்தார். கல்லுமலை வெளிறிய ரோஜா நிறத்தில் வந்தது.

"இதான் சரி" என்றவர், கொஞ்சம் யோசித்தார். "இப்ப செவப்பா இருக்கே அந்தச் சின்னத் தோட்டம், அங்கயும் பொண்ணு வச்சிருப்பாங்கல்ல?"

ஹசீனா அந்தத் தாளை உடனே எங்கும் அனுப்பவில்லை. முதலில் அந்தத் தோட்டத்து மேனேஜருக்குப் போன் போட்டாள். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் சாக்கடை அடைத்துக் கிடப்பதாக அவர் ஒப்புக்கொண்டார். விசுவநாதன் புகை லாரியை அங்கே திருப்பிவிட்டார், சாக்கடை வெட்ட ஆளும் அனுப்பினார். அதெல்லாம் முடிந்த பிறகுதான் புது வரைபடம், பழையது தவறு என்ற குறிப்போடு, எல்லாப் பலகைக்கும் போனது.

முருகையா அடுத்த வாரமே பெண் பார்க்க வந்துவிட்டார். வாசலிலேயே, "எங்க தோட்டத்துக்கு ஏன் சாம்பல் பூசிருக்காங்க?" என்று கேட்டார்.

"ஒங்க பக்கம் எத்தன பேருக்குக் காய்ச்சல்னு யாருக்குமே தெரியலயாம். நாங்கதான் இப்ப யோசிச்சிக்கிட்டு இருக்கோம்" என்றார் ராக்கம்மா.

முருகையாவின் மகன் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கே போன மாசம் மூணு நாளு காய்ச்சல்" என்றான். குமுதவல்லி காப்பித் தட்டை வைத்துவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்து அவனும் சிரிக்க, அதற்குமேல் பெரியவர்கள் பேச அதிகமில்லை.

ஊர் திரும்பிய முருகையா, யூனியன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு, டிரெசர் வேண்டும் என்று தோட்டத்து ஆபீஸ் வாசலில் நின்றார். ஜூன் மாதம் பெரியாத்துக்குப் புது டிரெசர் வந்தார். முதல் படிவத்தில் இருபத்திரண்டு காய்ச்சல். அதைப் பார்த்து ஹசீனாவுக்குச் சிரிப்பும் நிம்மதியும் ஒன்றாக வந்தன.

ஆகஸ்டில் கல்லுமலைத் தோட்டத்துக் கோயிலில் கல்யாணம். ஹசீனா தன் அம்மா சுலைஹாவையும் அழைத்துக்கொண்டு போயிருந்தாள். ராக்கம்மா இருவரையும் முதல் பந்தியில் உட்காரவைத்து, "எங்க சிரம்பான் கிராணிப் பொண்ணு, வயிறார சாப்புடணும்" என்று சொல்லித் தானே பாயசம் ஊற்றினார். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே சுலைஹா மூன்று முறை வாங்கிக் குடித்தார்.