தாரணிக்கு என்ன ஆச்சு

ஜீவனஹள்ளியில் தமயந்தியின் வீடு ஒரே அறை. அந்த அறையில் அம்மா, அப்பா, தம்பி, டி.வி., குக்கர், பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாமே குடியிருந்தன. ஒரு வரி எழுதினால் இரண்டாம் வரிக்குள் யாராவது 'ஏய்' என்று கூப்பிட்டுவிடுவார்கள். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். கதை எழுதும் ஆசை மட்டும் விடவில்லை. அதை யாரிடமும் சொன்னதும் இல்லை. ஒரு பத்திரிகை சிறுகதைப் போட்டி அறிவித்திருந்தது. சனிக்கிழமை கடைசி நாள். ஒரு தனி அறை மட்டும் கிடைத்தால் போதும், கதை கொட்டிவிடும் என்று நம்பினாள்.

அறை கிடைத்தது. மல்லேஸ்வரத்தில் அவள் அம்மா வேலை செய்த வீட்டு ஜகதாம்பாள் மாமி, அமெரிக்காவில் இருக்கும் மகன் ஷ்ரேயாஸிடம் போயிருந்தார். மாமி திரும்பும்வரை செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றித் தூசி தட்ட வேண்டும். முழங்கால் வலியோடு இரண்டு பஸ் மாற அம்மாவால் முடியவில்லை.

"நீயே போய்ட்டு வாடி. நாற்காலி கீற்காலி மேல ஏறி உக்காந்துராத" என்று சாவியைக் கொடுத்தாள்.

தமயந்தி வேலையை முடித்த கையோடு சாப்பாட்டு மேசைக்குப் போய் நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். மேலே மின்விசிறி, ஜன்னலுக்கு வெளியே செண்பக மரம், வீடு முழுக்க அமைதி. 'மழை பெய்துகொண்டிருந்தது' என்று எழுதினாள். எதற்குப் பெய்கிறது என்று தெரியவில்லை. அடித்தாள். ஊதுவத்தி ஏற்றினால் எழுதும் மனநிலை வரும் என்று செல்போனில் ஒருவர் சொன்னதைக் கேட்டு ஏற்றிப் பார்த்தாள். தும்மல் வந்தது. மேசையின் மறுபக்கம் மாறி உட்கார்ந்தாள். அங்கேயும் ஒன்றும் வரவில்லை. எரிச்சலில் எழுந்து மின்விசிறியைத் துடைத்தாள், ஜன்னல் கம்பிகளைத் துடைத்தாள். மாமியின் வீடு அவ்வளவு சுத்தமாக என்றுமே இருந்ததில்லை. தாளும் அப்படித்தான் இருந்தது.

மறுநாளும் அதே கதிதான். வீட்டுச் சத்தத்தின் மேல் பழி போட்டே இத்தனை வருடம் ஓட்டியாகிவிட்டது. இனி யார்மேல் போடுவது? மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"உடம்பு சரியில்லையாடி?" என்றது ஒரு குரல்.

தமயந்தி நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தாள். குரல் அலமாரியிலிருந்து வந்தது. வாசனைக்கு வைத்த டப்பா என்று நினைத்து அவள் துடைத்துத் துடைத்து வைத்த வெள்ளை உருண்டை, மாமி வைத்துவிட்டுப் போன பேசும் கேமரா.

"பயப்படாதே, நான்தான். இங்கே நடுராத்திரி. தூக்கமே வரலே. நம்மாத்தையாவது பார்க்கலாமேன்னு போன்ல பார்த்துண்டிருக்கேன். உக்காரு, உக்காரு. ரெண்டு நாளா எழுதறே, அடிக்கறே. என்னது அது?"

கதை என்று சொல்ல வாய் வரவில்லை. "லெட்டரும்மா."

"இந்தக் காலத்துல லெட்டரா! யாருக்கு?"

"அக்காவுக்கு. தாரணின்னு. குவைத்துல வீட்டு வேலைக்குப் போயிருக்காங்க."

"உங்கம்மா சொன்னதே இல்லையே. ஏன், போன் பண்ணப்படாதோ?"

"போன புடுங்கி வச்சிக்கினாங்கம்மா. பாஸ்போர்ட்டையும்."

"ஹௌதா?" மாமிக்குப் பதற்றம் வந்தால் கன்னடம் வந்துவிடும். "அப்போ உன் லெட்டர் மட்டும் எப்படி அவ கைக்குப் போகும்?"

தமயந்தி அவசரமாக ஜோடித்தாள். "காய்கறி கொண்டாந்து போடற டிரைவர் ஒருத்தர் இருக்காரு. வின்சென்ட்டுன்னு, எங்க சொந்த ஊரு தங்கவயல்காரரு. அவர் கையில."

"அவனை நம்பலாமோ?"

தமயந்தி யோசித்தாள். "அதாம்மா தெரியல."

மாமியின் குரல் ஓய்ந்த பிறகு தரையில் உட்கார்ந்து தலை நிமிராமல் எழுதினாள். அடுத்த நாள் அவள் கதவைத் திறக்கும்போதே மாமி கேமராவில் காத்திருந்தார். அந்த வீட்டில் எத்தனை பேர், தாரணிக்குச் சோறு போடுகிறார்களா, வின்சென்ட்டுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லிக் கதை வளர்ந்தது. பாஸ்போர்ட்டைத் திருடி எடுத்துக்கொண்டு, வின்சென்ட்டின் வேன் நிற்கும் பின்வாசல்வரை தாரணி வந்துவிட்டாள். அங்கேயே நின்றுவிட்டாள். எத்தனை தாளைக் கிழித்தும் அதற்குமேல் நகரவில்லை.

வெள்ளிக்கிழமை மாமியின் குரலில் சந்தோஷம் பொங்கியது. "ஷ்ரேயாஸோட சிநேகிதன் ரயான் குவைத்துலதான் இருக்கானாம். எம்பஸிக்கே போறேன்னுட்டான். அட்ரஸ் சொல்லுடி!"

தமயந்தி கேமராவைப் பார்த்தாள். ஓர் அட்ரஸ் சொல்லிவிடலாம். அதை வைத்துக்கொண்டு யாரோ ஒரு ரயான் வெயிலில் தெருத் தெருவாக அலைவான்.

"அப்படி யாரும் இல்லம்மா. எனக்கு அக்காவே கெடையாது. நான்... கதை எழுதறேன்."



"என்னடி சொல்றே? அவ நல்லபடியா ஊர் வந்து சேரணும்னு பெருமாளுக்கு வேண்டிண்டு மஞ்சத் துணியில காசு முடிஞ்சு வச்சிருக்கேனே! அதை இப்போ என்ன பண்றது?"

"அவுத்துருங்கம்மா."

"நன்னாருக்கு! பெருமாள் கிட்ட போய் அது கட்டுக்கதைன்னு சொல்லச் சொல்றியா? அவ வந்தாத்தான் அவுக்கலாம். கொண்டுவந்து சேர்த்துடு."

"வர மாட்டாங்கன்னு தோணுதும்மா."

"ஏன் வரமாட்டா? வேன்தான் வாசல்ல நிக்கறதே!"

"தெரியலம்மா! எழுதினாத்தான் தெரியும். நாளைக்குக் கடைசி நாளு. நீங்க பார்த்துக்கினே இருந்தா ஒண்ணும் வராது. கேமராவ நிறுத்துங்கம்மா."

"சரி சரி" என்று குரல் அடங்கியது. கோபமா, நாளைக்கே சாவியைக் கேட்பாரா, தெரியவில்லை. எப்படியும் கைவிட்டுப் போகப்போகிற வீடு என்று தமயந்தி நாற்காலியை இழுத்துப்போட்டு நன்றாகவே உட்கார்ந்தாள். எழுதினாள், அடித்தாள், கிழித்தாள். தாரணி உள்ளேயும் போகவில்லை, வேனிலும் ஏறவில்லை. பாஸ்போர்ட்டும் கையுமாக மரம் மாதிரி நின்றாள்.

"நகர்ந்து தொலையேன்டி!" என்று தமயந்தி பல்லைக் கடித்தாள்.

"திட்டாதே அவளை" என்றது அலமாரி. "பாவம், பயந்துண்டு நிக்கறா. வண்டிக்காரன் யாரோ எவனோ."

"நீங்க இன்னும் தூங்கலையா?" என்று தமயந்தி கத்தினாள். அந்த வீட்டில் அவள் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. கத்திய வேகத்திலேயே குனிந்து, வீட்டை விட வேனைக் கண்டுதான் தாரணிக்கு அதிக பயமாக இருந்தது என்று எழுதினாள்.

அடுத்த வரியில் தாரணியின் கால் நகர்ந்தது.