பச்சைப் பெட்டிக்குப் போகும் வழி

நிஸார் கை வைத்ததுமே மேலே அடுக்கியிருந்த கண்ணாடித் தகடுகள் கிலுங்கின.

“மாமா, தொட வாணாம்!” என்றாள் நுஸ்கா.

தெரணியகலையில் பழைய சாமான் கடை வைத்திருந்த மர்சூக், அவளுடைய வாப்பா, விடியலில் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மௌத்தாகிவிட்டார். உம்ராவுக்கு மக்கா போனபோது ஸம்ஸம் தண்ணீரில் நனைத்துக் கொண்டுவந்த கபன் துணியில்தான் தன்னைப் பொதிய வேண்டும் என்று ஆறு வருடமாக ஊர் முழுக்கச் சொல்லிவைத்தவர். துணி இருப்பது பச்சைத் தகரப் பெட்டியில். பெட்டியோ பின்னறையின் கடைசிச் சுவரோடு. நடுவில், ஊர் கழித்துக்கட்டிய சாமான் அத்தனையும்.

“மய்யித்தத் தூக்க சந்தாக்கு வந்தீக்குது மகள். பகல் ளுஹருக்கு அடக்கம்,” என்றார் நிஸார்.

நுஸ்கா கொழும்புக் கம்பஸில் படிக்கிறாள். நெரிசலான தட்டிலிருந்து ஒரு கோப்பையை எடுக்க ரோபோ கைக்குத் திட்டம் போடப் பழக்குகிறாளாம். கோப்பை எடுக்க நாலு வருடப் படிப்பா என்று தெருவே சிரித்தாயிற்று. இப்போது தரையில் குந்தி, போன் வெளிச்சத்தில் கால் மணி நேரமாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“மய்யித்த வெச்சிக்கிட்டு மியூசியம் பாக்கிறாளா?” என்றாள் பக்கத்து வீட்டு ஸில்மியா, நுஸ்காவின் தாய் பளீலாவின் காதில் விழும்படியே.

“எடுக்கிறது லேசு. எடுத்தத எங்க வெக்கிற? பிழையா வெச்சா அதுவே வழிய அடைச்சிரும். எங்கட ரோபோவும் அங்கதான் முட்டிக்கிட்டு நிக்கும்,” என்றாள் நுஸ்கா.

சொல்லிக்கொண்டே எழுந்தாள். நிஸாரைக்கொண்டு தையல் மெஷினைத் தூக்கவைத்து, வாசலோரம் வெறுமையாகக் கிடந்த சதுரத்தில் இறக்கினாள். அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. மெஷின் இருந்த இடத்துக்கு ஃபேன். ஃபேன் நின்ற இடத்துக்குச் சைக்கிள். மூன்றே சாமான். பெட்டி சறுக்கிக்கொண்டு வந்தது. ஒரு கண்ணாடியும் கிலுங்கவில்லை.

“வாப்பா எல்லாம் யோசிச்சு வெச்சீக்கார் உம்மா.” குரல் இறங்கிவிட்டது. “பதினஞ்சு சாமானுக்கே எங்கட ரோபோ தெணறும். இங்க எரநூறு ஈக்கும்.”

நிஸார் குனிந்து பெட்டியின் தூசியைத் துடைத்தார். ஸில்மியாவும் ஒரு பக்கம் துடைத்தாள், இதை ஊர் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

பளீலா அந்தச் சதுரத்தையே பார்த்தாள். அதில் அவள் மாவு டின்னை வைப்பதும், மனுஷன் பேசாமல் எடுத்து வெளியே வைப்பதும், அவள் ஏசுவதுமாக ஆறு வருடம்.

பெட்டிக்குள் இரண்டு பொட்டலம். ஒன்றில் ஆணுக்கான மூன்று துண்டு. மற்றதில் ஐந்து, பெண்ணுக்கு. நுஸ்கா மூன்றை எடுத்துக்கொண்டு மூடியைச் சாத்தினாள். பெட்டியை உள்ளே தள்ளி, சைக்கிள், ஃபேன், மெஷின் என்று பழையபடி வைத்தாள்; வாசலோரச் சதுரம் மறுபடி வெறுமையானது.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஸில்மியா சோற்றுச் சட்டியோடு வந்தாள். மௌத்து வீட்டில் அடுப்பு எரியாதே. கை கனக்க, வாசலோரச் சதுரத்தில் இறக்கினாள்.

பளீலா எழுந்து வந்தாள். சூடு ஆறாத சட்டியை முந்தானையால் பிடித்துத் தூக்கி, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.