நூற்றுக்குத் தொண்ணூற்றாறு

வீட்டில் அவனுக்கு ஜட்ஜ் என்று பெயர். கோர்ட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. நிறுவனங்களின் இணையதளங்களைத் திறந்து பார்த்து, அறுபத்திரண்டு கேள்விகளுக்கு மார்க் போட்டு, எது முதல், எது கடைசி என்று வரிசைப்படுத்துவது அவன் பிழைப்பு. பக்கம் மூன்று விநாடிக்குள் திறக்கிறதா, எழுத்து கண்ணுக்குத் தெரிகிற அளவில் இருக்கிறதா, பழைய போனில் பார்த்தால் கோணிக்கொள்கிறதா, பொத்தானை அமுக்கினால் போக வேண்டிய பக்கத்துக்குப் போகிறதா என்றெல்லாம் கேள்விகள். ஒரு விதி மட்டும் கறாரானது. மார்க் போடுகிறவர் அந்த நிறுவனத்துக்கு நேரில் போகக்கூடாது, போன் போடக்கூடாது. போனால் பாரபட்சம் வந்துவிடுமாம்.

இப்படி ஒரு வேலை உலகத்தில் இருக்கிறது என்று சொந்தக்காரர்களுக்குப் புரியவைக்க அவன் பட்ட பாடு கொஞ்சமில்லை. "கம்ப்யூட்டர்ல ஏதோ தட்டுறான்" என்பதற்கு மேல் யாருக்கும் ஏறவில்லை. அக்கா வீட்டுக்காரருக்கு மட்டும் அவன்மேல் தனிப் பிரியம். பஸ் டிரைவர். இருபத்திரண்டு வருஷமாக ஒரு கீறல்கூட விழாமல் வண்டி ஓட்டியவர் என்று டிப்போவில் பெயர். போன வருஷம் சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்த இடத்தில் அவர்தான் வாய் நிறையச் சொன்னார்:

"என் மச்சானை என்னன்னு நெனச்சீங்க? கண் ஆஸ்பத்திரி பதினொண்ணையும் வரிசையா நிக்கவச்சு மார்க் போட்டவன். ஆஸ்பத்திரிக்கே ஜட்ஜு!"

ஆஸ்பத்திரிக்கு இல்லை மாமா, அதோட இணையதளத்துக்கு என்று சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் எதிரே இருந்த பெரியவர் ஒருவர் நாற்காலியை இழுத்து அவன் பக்கம் போட்டு, "அப்படியா தம்பி!" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டார். பத்து வருஷத்தில் அப்படி ஒருவரும் அவனைப் பார்த்ததில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டு சிரித்தான். ஒரு சிரிப்பில் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்றுதான் நினைத்தான், பாவி.

அந்தப் பதினொன்றில் முதல் இடம் வந்தது கண்ணாடிக் கட்டடத்து ஆஸ்பத்திரி. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. அதன் இணையதளம் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். டாக்டர்கள் எல்லாரும் கைகட்டிச் சிரிப்பார்கள். நாலே தட்டில் நேரம் குறித்துவிடலாம். கடைசி இடம் அக்கா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி மஞ்சள் போர்டோடு இருந்த சின்ன ஆஸ்பத்திரி. முப்பத்தொன்று. சிவப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து ஓடும். டாக்டர் படம் பக்கவாட்டில் படுத்திருக்கும். "தொடர்புக்கு" என்ற பக்கத்தைத் திறந்தால் "நேரில் வரவும்" என்று இரண்டே வார்த்தை. அவனும் பக்கத்து சீட்டுக்காரியும் அதைப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்திருக்கிறார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை அவன் ஆபீசுக்குள் நுழையும்போது அக்கா போன் பண்ணினாள்.

"டேய், மாமாவுக்கு வலது கண்ணு ஓரத்துல கறுப்பா திரை மாதிரி விழுந்திருக்காம். முந்தாநாள் மின்னல் மாதிரி வெட்டிச்சுன்னாரு, நான்தான் தூக்கமில்லன்னு விட்டுட்டேன். இங்க பக்கத்துல காட்டிட்டு வரேன்னு கெளம்பிட்டாரு. உன்னை ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னுதான்..."

"பக்கத்துலன்னா எது? அந்த மஞ்ச போர்டா? ஐயோ அக்கா, அது பதினொண்ணுல பதினொண்ணு."

"இங்க எல்லாரும் அங்கதான்டா போறாங்க. காலையிலேர்ந்து கூட்டமா நிக்கும்."

"கூட்டம் எங்கதான் இல்ல? கண்ணு விஷயத்துல விளையாடாதீங்க. முதல் இடத்துலேயே போய்க் காட்டலாம். இரு, நானே மாமாகிட்ட சொல்றேன்."

அப்போதும் அவனுக்குத் தெரியும், தான் பார்த்தது தளத்தை மட்டும்தான் என்று. தெரிந்துதான் சொன்னான். சொல்லும்போது குரலில் ஒரு மிடுக்கு ஏறியதையும் அவன் கவனித்தான். மாமாவைக் கூப்பிட்டான். "நீ சொன்னா சரி ஜட்ஜு" என்று அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். சீட்டில் உட்கார்ந்த கையோடு கண்ணாடிக் கட்டடத்தின் தளத்தைத் திறந்தான். விழித்திரைக்கு என்றே ஒரு டாக்டர், மூன்று வரி பட்டத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார். அவரிடம் சனிக்கிழமை பத்தரைக்கு நேரம் கிடைத்தது. பச்சை டிக் விழுந்தது. அந்த டிக்கைப் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பி, கட்டைவிரலையும் ஒன்று போட்டான்.

அஞ்சு நாள். செவ்வாய்க்கிழமை திரை மூக்குப் பக்கம் நகர்ந்தது. வியாழக்கிழமை பாதிக் கண்ணை மூடிவிட்டது. அக்கா பயந்துபோய் மறுபடி கேட்டபோது, "அவ்வளவு பெரிய எடத்துல அவசரம்னா முன்னாடியே கூப்புட மாட்டாங்களா?" என்றான். நேரம் குறிக்கும்போது என்ன தொந்தரவு என்று கேட்டிருந்த கட்டத்தில் அவன்தான் விவரமாக எழுதியிருந்தான். அதை அந்தப் பக்கம் யாராவது படிக்கிறார்களா என்பது அறுபத்திரண்டு கேள்விகளில் இல்லை.

சனிக்கிழமை கண்ணாடிக் கட்டடத்தில் கவுன்ட்டர் பெண் கணினியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "அந்த டாக்டர் இங்கேர்ந்து போயி ஒண்ணரை வருஷமாச்சே! சைட்டுல இன்னும் பேரு இருக்கா? வேற டாக்டர் வியாழக்கிழமை வருவாரு. ஒண்ணும் அவசரமில்ல, எழுதிக்கட்டுமா?" மாமா எழுதிக்கச் சொன்னார். அக்காதான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்து, நேரே அந்த மஞ்சள் போர்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். தகவல் கேட்டு அவனும் அடித்துப் பிடித்து ஓடினான்.

அங்கே பொத்தான் பிய்ந்த கோட்டுப் போட்ட டாக்டரம்மா கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தவள், நிமிர்ந்ததும் ஆபரேஷனுக்கு ஏற்பாடு பண்ணச் சொன்னாள். பிறகு இவனையும் அக்காவையும் மட்டும் வெளியே கூப்பிட்டாள்.

"விழித்திரை முழுசா பிரிஞ்சிருக்கு. ஒட்டிப் பாக்கறேன். பார்வை திரும்பும்னு சொல்ல மாட்டேன். திங்கட்கிழமை வந்திருந்தா நடுப்பகுதி ஒட்டித்தான் இருந்திருக்கும், காப்பாத்தியிருப்பேன். அஞ்சு நாள் என்ன பண்ணீங்க?"

அக்கா தம்பியைப் பார்த்தாள்.

பார்வை திரும்பவில்லை. வலது கண்ணில் வெளிச்சம், இருட்டு, அவ்வளவுதான். ஒற்றைக் கண்காரரிடம் யாரும் பஸ்ஸை நம்பிக் கொடுக்க மாட்டார்கள். டிப்போ வாசலில் ஸ்டூல் போட்டு, உள்ளே வரும் வண்டிக்கும் வெளியே போகும் வண்டிக்கும் நேரம் எழுதும் வேலையில் உட்காரவைத்தார்கள்.

அவன் ஆபீசில் பழைய மார்க் ஷீட்டைத் தேடி எடுத்தான். நாற்பத்தோராவது கேள்வி: டாக்டர்கள் பட்டியல் நடப்பில் இருக்கிறதா? பக்கத்தின் அடியில் முப்பது நாளுக்குள் ஒரு தேதி இருந்தால் அஞ்சு மார்க். தேதி இருந்தது. தானாகவே தினமும் அன்றைய தேதிக்கு மாறிக்கொள்கிற தேதி. மார்க் போட்ட அன்றைக்குப் பக்கத்து சீட்டுக்காரி, "இது ஏமாத்து வேலை, தானா மாறுது பாருங்க" என்று காட்டினாள். "தேதி இருக்கா இல்லையாங்கறதுதான் கேள்வி. இருக்கு. போடு அஞ்சு" என்று சொன்னவன் அவன்தான். அஞ்சுக்கு அஞ்சு. அவன் கையெழுத்து.

ஷீட்டை எடுத்துக்கொண்டு மேலதிகாரி அறைக்குப் போனான். இந்த மார்க்கைத் திருத்த வேண்டும், வரிசையே தப்பு என்றான். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டாள், கெட்டவள் இல்லை. கடைசியில், "உங்க வருத்தம் புரியுது. ஆனா விதிப்படி நீங்க போட்ட மார்க் சரி. நாம பாக்கறது சைட்டைத்தானே, ஆஸ்பத்திரியை இல்லையே?" என்றாள்.

போன வருஷம் அத்தனை பேர் நடுவில் அவன் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. அந்தத் திங்கட்கிழமையாவது சொல்லியிருக்கலாம். எவ்வளவு சுலபமாக அந்த அம்மாள் வாயிலிருந்து வந்துவிட்டது! அவனுக்கு அங்கேயே ஓவென்று அழவேண்டும் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனான். வாசலிலேயே அக்கா மறித்தாள். அவன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"சொல்ல வந்திருக்கே, இல்ல? எனக்குத் தெரியும்டா. உங்க ஆபீஸ் வரிசையை நானே எடுத்துப் பாத்தேன். மேலேயே பெருசா போட்டிருக்கு, இணையதளங்களுக்கான தர வரிசைன்னு. படிக்கத் தெரியாதவளா நான்? அன்னிக்கே பாத்திருக்கணும், கூடப்பொறந்தவன் சொல்றானேன்னு பாக்கல."

"அக்கா..."

"என்கிட்ட ஒண்ணும் பேசாதே. அவருகிட்டயும் சொல்லாதே. முதல் இடத்துலேயே அவசரமில்லன்னாங்க, அப்ப என்னிக்கிப் போயிருந்தாலும் இதேதான் ஆயிருக்கும்னு மனசைத் தேத்திக்கிட்டு உக்காந்திருக்காரு. அதையும் புடுங்கிடாதே. உன் பாரம் எறங்கணும்னா வேற எங்கயாவது போய் எறக்கு."

உள்ளே மாமா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. மலராமல் இருந்திருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"வா ஜட்ஜு! உன்னைத்தான் நெனச்சேன். நம்ம வண்டிக் கண்டக்டருக்கு நெஞ்சுல ஏதோ அடைப்புன்னு சொல்லிட்டாங்களாம். என் மச்சான்கிட்ட கேட்டுச் சொல்றேன், அதுவரைக்கும் எங்கயும் போகாதேன்னு சொல்லி வச்சிருக்கேன். நெஞ்சுக்கு எது நம்பர் ஒண்ணு?"

அக்கா கதவருகில் நின்று வேண்டாம் என்று தலையாட்டினாள். எவனோ ஒரு கண்டக்டர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எங்கேயும் போகாமல் இவன் வாயைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான்.

"மாமா, அவரை உடனே பக்கத்துல இருக்குற டாக்டர்கிட்ட போகச் சொல்லுங்க. நான் ஆஸ்பத்திரிக்கு மார்க் போட்டதே இல்ல. சைட்டுக்குத்தான் போட்டேன். படம் எப்படி இருக்கு, எழுத்து எப்படி இருக்குன்னு. உள்ள யாரு நல்லா பாக்கறாங்கன்னு எனக்கு ஒரு மண்ணும் தெரியாது."

மாமா முதலில் கண்டக்டருக்குத்தான் போன் போட்டார். இன்றைக்கே போய்க் காட்டு என்று அதட்டிவிட்டு வைத்தார். அப்புறம் பார்வை உள்ள கண் அவன் பக்கம் வரும்படி நாற்காலியோடு திரும்பினார்.

"அப்ப இந்த மஞ்ச போர்டு கடைசின்னியே?"

"அதுவும் சைட்டுதான் மாமா."

"அன்னிக்கு நீ போன் போட்டப்ப நான் அங்கதான் உக்காந்திருந்தேன்" என்றார் மாமா. அக்கா கதவை விட்டு ஓரடி முன்னால் வந்தாள். இது அவளுக்கும் தெரியாது. "டோக்கன் பதினேழு. பதினஞ்சு உள்ள போயிடுச்சு. நீ வேணாம்னதும் திருப்பிக் குடுத்தேன். அந்த நர்ஸம்மா, இன்னும் ஒருத்தர்தான்யா, இருந்து காட்டிட்டே போங்கன்னு கையைப் புடிக்காத குறையா சொல்லிச்சு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? என் மச்சான் இதுக்கெல்லாம் மார்க் போடுறவன்மா, அவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிருச்சுன்னேன்."